தூணுக்குள் செல்லும் ஒலி

'மீயொலியின் பயன்களைக் கூறுக' என்று வகுப்பில் கேட்டால் மூன்று விடைகள் உடனே வந்துவிடும். வௌவால் இருட்டில் பறப்பது, கடலின் ஆழத்தைக் கண்டறிவது, கருவுற்ற தாய்மார்களுக்கு ஸ்கேன் எடுப்பது. ஒன்பதாம் வகுப்பில் 'ஒலி', பத்தாம் வகுப்பில் 'ஒலியியல்' என்று பாடம் நடத்தும் நம் எல்லோருக்கும் இது பழகிய காட்சி. மூன்று விடைகளும் சரியானவையே. ஆனால் மூன்றும் மாணவரின் அன்றாடத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்பவை.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் தூண், அவருடைய அப்பா வேலைக்குப் போகும் ரயிலின் தண்டவாளம், பட்டறையில் அம்மா பற்றவைத்த இரும்புச் சட்டத்தின் இணைப்பு ஆகியவற்றை உடைக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று மீயொலியால் அறிய முடியும். இதற்கு அழிவில்லாச் சோதனை என்று பெயர். ஆங்கிலச் சுருக்கத்தில் என்.டி.டி. என்பார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் இந்தச் சொல்லைத் தொழிற்பயிற்சி நிலைய விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கட்டுரையில் மூன்று செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மீயொலிச் சோதனை எப்படி வேலை செய்கிறது? அதில் முனைவர் பட்டம் வரை ஆய்வு செய்ய என்ன இருக்கிறது? கட்டடப் பாதுகாப்பில் அது நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தட்டிப் பார்க்கும் அறிவு

சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் தட்டிப் பார்ப்பார். 'கணீர்' என்றால் நல்ல பானை. 'சொத்' என்றால் எங்கோ கீறல். தேங்காய்க் கடையிலும் இதையே செய்கிறோம். பொருளின் உள்நிலை அது எழுப்பும் ஒலியில் தெரிகிறது என்ற அறிவு நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ரயில் நிலையங்களில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடந்த ஊழியர்களும் இதே அறிவைத்தான் பயன்படுத்தினர்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. காதுக்குக் கேட்கும் ஒலியின் அலைநீளம் பெரியது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியை எடுத்துக்கொண்டால், வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க, அலைநீளம் 5.9 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, ஒரு மில்லிமீட்டர் கீறலைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். அதே எஃகில் 4 மெகாஹெர்ட்ஸ் மீயொலியை அனுப்பினால் அலைநீளம் சுமார் 1.5 மில்லிமீட்டர். இப்போது சிறு கீறலும் அலையைத் திருப்பி அனுப்பும். சிறிய குறையைக் காண வேண்டுமானால் சிறிய அலைநீளம் வேண்டும். மீயொலி தேவைப்படுவதன் காரணம் இவ்வளவுதான்.

இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை உண்டாக்குவது எப்படி? 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்கும். இந்த அழுத்தமின் விளைவுதான் இன்றும் பெரும்பாலான மீயொலிக் கருவிகளுக்கு உயிர். 1920களின் இறுதியில் சோவியத் அறிவியலாளர் செர்கெய் சொக்கொலோவ் உலோகத்தின் உட்குறைகளைக் காண மீயொலியைப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். 1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன், எதிரொலியைப் பதிவு செய்து குறையைக் காட்டும் கருவியை உருவாக்கினார்.

தண்டவாளத்தில் ஓர் எதிரொலி

ரயில்பாதை ஓரத்தில் நடப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தின் மேல் ஒரு சிறு தள்ளுவண்டியை நடைவேகத்தில் தள்ளிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு திரையும் தண்ணீர்க் கலனும் இருக்கும். அது மீயொலிக் குறை காணும் கருவி.

வண்டியின் அடியில் உள்ள ஆய்வுமுனை தண்டவாளத்துக்குள் மீயொலித் துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு அடிப்பகுதி வரை சென்று மோதித் திரும்பும். திரையில் அது ஒரு முள் போல எழும். நடுவில் கீறல் இருந்தால் அடிப்பகுதியின் முள்ளுக்கு முன்பாகவே இன்னொரு முள் தோன்றும். துடிப்பு சென்று திரும்ப எடுத்த நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கீறல் இருக்கும் ஆழம் கிடைக்கும். கடலாழம் காண நாம் கரும்பலகையில் போடும் அதே கணக்குதான்.

இங்கே மாணவர்கள் கேட்கத் தகுந்த ஒரு கேள்வி உண்டு. கீறல் செங்குத்தாக இருந்தால்? மேலிருந்து நேராக வரும் ஒலி அந்தக் கீறலின் விளிம்பை மட்டுமே தொடும். திரும்பி வர ஏறக்குறைய எதுவும் இருக்காது. அதனால்தான் தள்ளுவண்டியில் நேராக அனுப்பும் முனையோடு, 37 பாகை, 70 பாகை என்று சாய்வாக அனுப்பும் முனைகளும் உள்ளன. தண்டவாளத்தின் தலைப்பகுதியில் குறுக்காகத் தோன்றும் ஆபத்தான கீறலை 70 பாகை முனை காட்டிக்கொடுக்கும். எந்தக் குறையைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்காதவருக்குக் கருவி அதைக் காட்டாது.

தண்ணீர்க் கலன் எதற்கு? காற்றிலிருந்து திடப்பொருளுக்குள் மீயொலி நுழைவது மிகக் கடினம். காற்றிலிருந்து கான்கிரீட்டுக்குள் நுழையும் ஆற்றல் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இருக்காது. எஃகில் அதைவிடக் குறைவு. மீதி எல்லாம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். ஆய்வுமுனைக்கும் பொருளுக்கும் இடையில் உள்ள மெல்லிய காற்றுப் படலத்தை நீக்கத் தண்ணீரோ கிரீஸோ தடவ வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுவதும் இதற்காகவே.

என் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் பணி செய்கிறார். ஐ.டி.ஐ. முடித்து, பிறகு மீயொலிச் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற்றவர். பெற்றோர் சந்திப்புக்கு வந்தவரை ஒன்பதாம் வகுப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னேன். அவர் சொன்ன ஒரு செய்தியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "திரையில முள்ளு வந்தா பயப்பட மாட்டோம். அடிமுள்ளு காணாமப் போனாத்தான் யோசிப்போம். ஒலி எங்கயோ போயிடுச்சு, எங்க போச்சுன்னு தேடணும்." குறை எப்போதும் கூடுதலான ஒன்றாகவே தெரியும் என்று நாம் நினைக்கிறோம். வர வேண்டியது வராமல் போவதும் ஒரு தகவல்தான்.

கான்கிரீட்டில் ஏன் வேறு முறை?

எஃகில் 4 மெகாஹெர்ட்ஸ் சிறப்பாக வேலை செய்கிறது என்றால், அதே கருவியைத் தூணில் வைத்துப் பார்க்கலாமே? முடியாது. கான்கிரீட்டில் 20 மில்லிமீட்டர் ஜல்லி, மணல், சிமெண்ட், நுண்துளைகள் எல்லாம் கலந்திருக்கின்றன. 1 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்குக் கான்கிரீட்டில் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். அந்த அலைக்கு ஒவ்வொரு ஜல்லியும் ஒரு பாறை. மோதி மோதி எல்லாத் திசையிலும் சிதறிவிடும். திரும்பி வருவது ஜல்லியின் எதிரொலியா கீறலின் எதிரொலியா என்று பிரிக்க இயலாது.

ஆகவே கான்கிரீட்டுக்கு அதிர்வெண்ணைக் குறைக்கிறார்கள். பெரும்பாலும் 54 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 7 சென்டிமீட்டருக்கு மேல் போவதால் அது ஜல்லியைக் கடந்து சென்றுவிடும். அதோடு எதிரொலிக்குப் பதிலாக நேர்வழியைப் பயன்படுத்துகிறார்கள். தூணின் ஒரு பக்கம் அனுப்பும் முனை, எதிர்ப்பக்கம் பெறும் முனை. துடிப்பு கடந்துவர எடுத்த நேரத்தைக் கருவி மைக்ரோ நொடியில் காட்டும். தூணின் அகலத்தை அந்த நேரத்தால் வகுத்தால் திசைவேகம்.

கணக்கு எளிது. 300 மில்லிமீட்டர் அகலத் தூணைக் கடக்க 75 மைக்ரோ நொடி ஆனால் வேகம் நொடிக்கு 4 கிலோமீட்டர். உள்ளே தேன்கூடு போல வெற்றிடம் இருந்தால் ஒலி அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நேரம் கூடும், கணக்கில் வேகம் குறையும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1992இல் வெளியிட்ட ஐ.எஸ். 13311 முதற்பகுதி, கான்கிரீட்டின் தரத்தை இவ்வாறு வகைப்படுத்தியது:

நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல்: மிகச் சிறப்பு
3.5 முதல் 4.5 வரை: நன்று
3.0 முதல் 3.5 வரை: நடுத்தரம்
3.0க்குக் கீழ்: ஐயத்திற்குரியது

2018இல் இந்த முறை திருத்தப்பட்டு ஐ.எஸ். 516 தொகுப்பில் சேர்க்கப்பட்டது. கடைசி வகைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். 'மோசம்' என்று அவர்கள் எழுதவில்லை. 'ஐயத்திற்குரியது' என்றுதான் எழுதினார்கள். அதாவது, மேலும் ஆராய்க என்று பொருள்.

எங்கள் பள்ளியில் நடந்த சோதனை

நான் பணியாற்றும் பள்ளியில் 1990களில் கட்டிய ஒரு மாடிக் கட்டடம் உண்டு. ஒரு மழைக்காலத்தில், விடுமுறை நாளில், கீழ்த்தள வகுப்பறைக் கூரையிலிருந்து கான்கிரீட் சில்லுகள் பெயர்ந்து விழுந்தன. தலைமையாசிரியர் அன்றே அந்த அறையைப் பூட்டினார். சில வாரங்களில் ஒரு பொறியியல் குழு கருவிகளோடு வந்தது. குழுவில் மீயொலிச் சோதனையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவரும் இருந்தார்.

ஆறு தூண்களைச் சோதித்தார்கள். ஐந்தில் வேகம் 3.7க்கு மேல் வந்தது. ஆறாவது தூணில், பூச்சோடு சேர்த்து 330 மில்லிமீட்டரைக் கடக்க 114 மைக்ரோ நொடி. கணக்கிட்டால் நொடிக்கு 2.9 கிலோமீட்டர். சுற்றி நின்ற பிள்ளைகள் கைப்பேசியில் வகுத்துப் பார்த்துவிட்டார்கள். "டீச்சர், அந்தத் தூண் விழுந்துடுமா?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். எல்லோரும் ஆய்வு மாணவியைப் பார்த்தோம்.

அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிறு சுத்தியலால் தூணின் பூச்சைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஓசை பொள்ளலாகக் கேட்டது. பூச்சு தூணோடு ஒட்டாமல் உப்பி நின்றிருந்தது. இடையில் காற்று. பூச்சைக் கொத்தி எடுத்து, பரப்பைத் தேய்த்து, கிரீஸ் தடவி மீண்டும் அளந்தார். 300 மில்லிமீட்டருக்கு 82 மைக்ரோ நொடி, நொடிக்கு 3.66 கிலோமீட்டர். தூண் நன்றாக இருந்தது. பூச்சுதான் கெட்டிருந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. சில்லுகள் விழுந்த கூரைக்குப் போனார். அங்கே எண்கள் மோசமாக இல்லை. ஆனால் கம்பியை ஒட்டிப் பழுப்புக் கறை இருந்தது. "ஈரமான கான்கிரீட்டில் வேகம் கொஞ்சம் கூடித் தெரியும். விரிசலில் தண்ணீர் நிறைந்திருந்தால் ஒலி அதன் வழியே கடந்துவிடும். மழை முடிந்த இந்த வாரத்தில் இந்த எண்ணை வைத்துக் கூரை நல்லது என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். கூரையைத் திறந்து பார்த்தபோது கம்பிகள் துருவேறி மெலிந்திருந்தன. இரண்டு அறைகள் மூடப்பட்டன. ஆறாம் வகுப்பு ஒரு பருவம் முழுவதும் ஆய்வகத்தில் நடந்தது.

ஒரே நாளில் இரண்டு எண்கள் வந்தன. கெட்டது என்று சொன்ன எண் பூச்சைச் சொன்னது. நல்லது என்று சொன்ன எண் துருவைச் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் உண்மையைக் கண்டது கருவியோடு சேர்ந்த கேள்விதான்.

முனைவர் பட்ட ஆய்வில் என்ன செய்கிறார்கள்?

'கருவி கடையில் கிடைக்கிறதே, இதில் நான்கைந்து ஆண்டுகள் ஆராய என்ன இருக்கிறது?' என்று நாம் நினைக்கக்கூடும். அன்று அந்த மாணவி சொன்ன விடை எளியது: "இந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதுதான் என் ஆய்வு."

அவருடைய ஆய்வுப் பொருள் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துரு. இத்தகைய ஆய்வுகளில் முதலில் சிறு உத்தரங்களை வார்க்கிறார்கள். சிலவற்றில் தெர்மகோல் துண்டுகளை வேண்டுமென்றே உள்ளே வைத்து வெற்றிடம் உண்டாக்குகிறார்கள். குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்த மாதிரியில்தான் கருவியின் திறனைச் சோதிக்க முடியும். வேறு சிலவற்றை உப்புநீரில் வைத்து மின்னோட்டம் செலுத்திக் கம்பியை விரைவாகத் துருப்பிடிக்கச் செய்கிறார்கள். பல ஆண்டுத் துருவைச் சில வாரங்களில் வரவழைத்து, இடையிடையே அளந்து, இறுதியில் உடைத்து, அளந்ததையும் கண்டதையும் ஒப்பிடுகிறார்கள். உடைக்காமல் அறியும் முறையை வளர்க்க எத்தனையோ உத்தரங்களை உடைக்க வேண்டியிருக்கிறது.

இத்துறையில் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் கேள்விகளில் மூன்றை இங்கே சொல்கிறேன். மூன்றும் நம் பாடப்பொருளோடு தொட்டவை.

முதலாவது, சிதறல். ஜல்லியால் சிதறும் ஒலியிலிருந்து குறையின் ஒலியைப் பிரிப்பது. கான்கிரீட்டுக்கு மட்டுமன்று, சில உலோகங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பயன்படுத்தும் ஒருவகைத் துருவேறா எஃகின் வெல்டிங் இணைப்பில் பெரிய படிகத் துகள்கள் இருப்பதால், அங்கேயும் ஒலி வளைந்தும் சிதறியும் செல்லும். அந்த மையத்தின் இயக்குநராக 2004 முதல் 2011 வரை இருந்த பல்தேவ் ராஜ், அழிவில்லாச் சோதனைத் துறையில் உலக அளவில் அறியப்பட்டவர். அங்குள்ள ஆய்வாளர்கள் இந்த அறிவை மரபுச் செல்வங்களுக்கும் கொண்டு சென்றார்கள். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்தார்கள். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைச் சேதமின்றி ஆராய்ந்து, அவை உள்ளீடற்ற குழாய்கள் அல்ல, கெட்டியான கல்லே என்று காட்டினார்கள்.

இரண்டாவது, வழிநடத்தப்பட்ட அலைகள். குழாய், தண்டவாளம், கம்பி போன்ற நீண்ட பொருளில் ஓரிடத்தில் எழுப்பும் அலை, அதன் சுவர்களுக்குள் அடங்கி நெடுந்தூரம் செல்லும். ஒவ்வொரு அங்குலமாக முனையை நகர்த்தாமல் ஓரிடத்தில் நின்றே பல மீட்டரைச் சோதிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2001 முதல் இயங்கும் அழிவில்லா மதிப்பீட்டு மையத்தில் பேராசிரியர் கிருஷ்ணன் பாலசுப்ரமணியம் குழுவினர் இதில் நீண்டகாலம் ஆய்வு செய்துள்ளனர். அந்த வளாகத்தில் தோன்றிய பிளானிஸ் என்ற நிறுவனம், தண்ணீருக்கடியில் சென்று அணை, பாலத் தூண், துறைமுகச் சுவர் ஆகியவற்றை ஆராயும் ரோபோக்களை உருவாக்குகிறது. ஆய்வேட்டில் முடிந்துவிடாமல் வேலைத்தளத்துக்கு வந்த ஆய்வுகளுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் கட்டடங்கள், பாலங்கள் ஆகியவற்றின் நலனைச் சோதிக்கும் முறைகளில் ஈடுபட்டுள்ளது.

மூன்றாவது, கண்டறியும் நிகழ்தகவு. நூறு குறைகள் இருந்தால் இந்தக் கருவி, இந்த முறை, இந்தப் பணியாளர் எத்தனையைக் கண்டுபிடிப்பார்? எத்தனையைத் தவறவிடுவார்? குறையின் அளவு சிறுத்தால் அந்த எண்ணிக்கை எப்படி மாறும்? 'குறை எதுவும் காணப்படவில்லை' என்ற வாக்கியத்துக்கும் 'குறை எதுவும் இல்லை' என்ற வாக்கியத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பதே இந்த ஆய்வு. நிகழ்தகவைப் பகடையோடும் நாணயத்தோடும் நிறுத்திவிடும் நமக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கருவி சொல்லாதவை

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அருகில் இருந்த மற்றொரு அடுக்குமாடி 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நம் பகுதி மக்கள் மறக்காத நிகழ்வு இது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதடைந்தவை இடிக்கப்பட்டதை நாம் எல்லோரும் அறிவோம்.

இத்தகைய துயரங்களைப் பேசும்போது 'ஒரு கருவி வைத்துச் சோதித்திருந்தால்' என்று சொல்லத் தோன்றும். அங்கே கவனம் வேண்டும். மீயொலி கான்கிரீட்டின் சீர்மையைச் சொல்லும். தூண் சுமக்க வேண்டிய எடைக்கு அதன் அளவு போதுமா என்று சொல்லாது. அடியில் உள்ள மண் தாங்குமா என்று சொல்லாது. கணக்கில் பிழையோடு வடிவமைத்த தூணையும் நல்ல கலவையால் வார்த்திருந்தால் கருவி 'நன்று' என்றே காட்டும். அடித்தளம் இல்லாத செங்கல் சுவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்குக் கண்ணால் பார்ப்பதும் காலத்தில் நடவடிக்கை எடுப்பதுமே வழி. எனவே நல்ல பொறியாளர்கள் மீயொலியோடு மீள்துள்ளல் சுத்தியல் சோதனை, கான்கிரீட்டில் துளையிட்டு உருளை மாதிரி எடுத்து நசுக்கிப் பார்ப்பது, கம்பியின் துருநிலை அளவீடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள்.

வகுப்பறையில் செய்ய இரண்டு

கருவி இல்லாமலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். இரண்டு செயல்பாடுகளை நான் பயன்படுத்துகிறேன்.

ஒன்று, ஒலியின் வேகம் காணல். ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் உண்டு. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் கைப்பேசியின் அருகே ஒரு மாணவர் கைதட்ட, இரண்டு கடிகாரங்களும் ஓடத் தொடங்கும். சிறிது நேரம் கழித்து இரண்டாவது கைப்பேசியின் அருகே மற்றொரு மாணவர் கைதட்ட, இரண்டும் நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டர் செல்ல எடுத்த நேரம். அது 0.029 நொடியை ஒட்டி வரும். ஒரு முறை செய்து நிறுத்தாமல் பத்து முறை செய்து, எண்கள் ஏன் சற்று மாறுகின்றன என்று பேசவிடுங்கள். உண்மையான பாடம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

இரண்டு, விரிசலின் ஆழம் காணல். இது பிதாகரஸ் தேற்றத்துக்கான கணக்கு. ஓர் உத்தரத்தின் மேற்பரப்பில் விரிசல். அதற்கு இருபுறமும் 60 மில்லிமீட்டர் தள்ளி இரு முனைகளை வைக்கிறோம். விரிசலில் காற்று இருப்பதால் ஒலி அதைக் கடக்காது; கீழே இறங்கி, விரிசலின் அடிமுனையைச் சுற்றி, மேலேறி வரும். கான்கிரீட்டில் வேகம் மைக்ரோ நொடிக்கு 4 மில்லிமீட்டர். விரிசல் இல்லாத இடத்தில் 120 மில்லிமீட்டருக்கு 30 மைக்ரோ நொடி ஆகிறது. விரிசல் உள்ள இடத்தில் 50 மைக்ரோ நொடி. ஆகவே ஒலி சென்ற மொத்தப் பாதை 200 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 100. கர்ணம் 100, ஒரு பக்கம் 60. எனில் விரிசலின் ஆழம் 80 மில்லிமீட்டர். 3, 4, 5 முக்கோணம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

ஆசிரியர் கண்ணில் பட வேண்டியவை

நம்மிடம் மீயொலிக் கருவி இல்லை. ஆனால் ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பவர்கள் நாம். வருகை தரும் எந்தப் பொறியாளருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. சிலவற்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடுபவை. தூணில் கம்பியின் நீளத்தை ஒட்டிச் செங்குத்தாக ஓடும் விரிசல், அதிலும் பழுப்புக் கறையோடு இருந்தால், உள்ளே துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் கான்கிரீட் பிளந்து பெயர்கிறது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், நாளுக்கு நாள் அகலும் விரிசல், திடீரென இறுகிப்போகும் கதவு, சாய்ந்து தெரியும் சுற்றுச்சுவர் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால், அது வளரும் விரிசல். படத்தோடும் தேதியோடும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளருக்கு அந்தத் தேதிகள் மிகவும் பயன்படும். கருவி அன்றைய நிலையை மட்டுமே காட்டும். கூரையிலிருந்து சில்லு விழுந்தால் சோதனை அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் பிள்ளைகளை வேறு இடத்தில் அமர்த்துங்கள். சோதனை பிறகு நடக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நம் மாணவர்களுக்கு இடம் இருக்கிறது. ஐ.டி.ஐ. அல்லது பட்டயப் படிப்பு முடித்தவர் சான்றிதழ் பெற்றுச் சோதனைப் பணியாளராகலாம். பொறியியலோ இயற்பியலோ படித்தவர் முனைவர் பட்டம் வரை போகலாம். வெல்டிங் சோதிக்கும் தந்தையும் துருவை ஆராயும் மாணவியும் ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள். இருவருக்கும் அடிப்படை நாம் நடத்தும் ஒலிப் பாடம்.

அந்தப் பாடத்தில் 'திசைவேகம் = தொலைவு / காலம்' என்று எழுதி முடித்ததும், 'விடை தவறாக வர என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் சென்ற பருவத்தில் பதினொரு காரணங்கள் வந்தன. அவற்றில் நான்கு எனக்கே தோன்றாதவை.